வலிக்கவே இல்லீங்க

அட, அதுக்கு எதுக்குங்க தம்பி இப்பிடிப் பதறுறீங்க? மிதிச்சது மிதிச்சாச்சு, உடுங்க. நீங்களா ‘ஐயோ, மன்னிச்சுக்குங்க’ன்னு சொல்லாம இருந்திருந்தா நீங்க மிதிச்சதே எனக்குத் தெரிஞ்சிருக்காது. மரியாதைக்குச் சொல்றேன்னு நெனைக்காதீங்க, நெசமாவே தெரியாது. பூட்ஸ் போட்டிருக்கறதாலன்னு பாக்கறீங்களா? இதைக் கழட்டி வெச்சுப்போட்டு வெறுங்காலு மேல நீங்க ஏறி நின்னு ஆடினாலும் தெரியாதுங்க. காலு அப்பிடி. ஆனா சத்தம் போடாதீங்க. முன்னால ஒருத்தி எலுமிச்சம்பழத்தை மூக்குல வெச்சுட்டுத் தூங்கறா பாருங்க, என்ற ஊட்டுக்காரி மயிலாத்தா. பஸ்ஸு ஆகாது அவளுக்கு. நீங்க மிதிச்சது தெரிஞ்சா எந்திரிச்சு வந்து உங்களை உண்டு இல்லைன்னு பண்ணிப்போடுவா.

ஒக்காருங்க. எங்க போறீங்க? பழனிக்கா? நாங்களும் பழனிதான். அப்பறமென்ன, நேரங் கெடக்குது.

காலுக்கு என்னன்னு கேக்கறீங்களாக்கும். எல்லாருந்தான் கேக்கறாங்க. காலுக்கு ஒண்ணுமில்லீங்க. எல்லாம் ஒரு ஆளு பண்ணுன கோட்டாலை, வம்பு. அவரு பேரு அர்த்தநாரி. சொன்னா உங்களுக்கே கோவம் வரும்.

என்ற பேரு சென்னியப்பன். பெருந்துறைக்குப் பக்கத்துல எங்கூரு. தறி ஓட்டிட்டிருந்தேன், இப்ப வாடகைக்கு உட்டுட்டேன். சக்கரை இருக்குதுங்க, நெம்ப வருசமா. ஆருக்குத்தான் இல்லை இப்ப? நான் அதுக்கெல்லாம் அசர்ற ஆளில்லை. எங்கூருப் பூங்காவுல நடைப்பயிற்சி சங்கம்னு ஒண்ணு ஆரம்பிச்சதே நான்தான். தலைவரும் நான்தான். காத்தால வெளிச்சம் வரதுக்குள்ள அங்க நிப்பேன். மழையா, பனியா, ஊட்டுல விசேஷமா, எதுவா இருந்தாலும் நடை நிக்காது. நடந்துபோட்டு வெளிய வந்தா வாசல்ல ஒருத்தன் கம்மங்கூழு விப்பான், அவனுக்குப் பக்கத்துல இன்னொருத்தன் போண்டா போடுவான். கூழு சக்கரைக்கு நல்லதுங்க. அந்த நல்லதை நம்பிக் கொஞ்சம் போண்டாவும் திங்கலாம். மாத்திரையும் போடுவேன், ஞாபகம் வந்தா.

இப்பிடி நல்லாத்தாங்க போயிட்டிருந்துது. அப்பறம் காலு கொஞ்சங் கொஞ்சமா மரத்த மாதிரி ஆச்சு. தரையில கால வெச்சா பஞ்சு மேல வெச்ச மாதிரி இருக்கும். சங்கக் கூட்டத்துல எந்திரிச்சு அதையே சொன்னேன். ‘நடந்து நடந்து என்ற காலு பஞ்சாட்டம் லேசாயிருச்சு, நீங்களும் நடங்க’ன்னேன். எல்லாருங் கை தட்டினாங்க. அர்த்தநாரியும் தட்டினாரு. அப்ப அவரு எங்க சங்கத்துச் செயலாளரு. பால் சொசைட்டியில இருந்து ரிட்டையர் ஆனவரு. எதுலயும் ஒரு குத்தங் கண்டுபுடிக்கிற ஆளு.

கார்த்திகை மாசம் சங்கத்துக்காரர் ஒருத்தரு ஊட்டுக் கல்யாணம். மண்டபத்துல செருப்புக் கழட்டுற எடத்துல ஊரு செருப்பெல்லாம் குமிஞ்சு கெடக்குது. சாப்புட்டு வந்தேன், கால உட்டேன், ஊட்டுக்கு வந்தேன். மறுநா காத்தால அதையே போட்டுட்டுப் பூங்காவுக்குப் போனேன். நாலு சுத்துச் சுத்தியிருப்பேன். எதுத்தாப்புல அர்த்தநாரி வாராரு. வந்தவரு என்ற மூஞ்சியப் பாக்கிலீங்க. காலப் பாக்கறாரு.

“ஏய்யா சென்னியப்பா, இது என்ற செருப்பு”ங்கறாரு.

“உன்ற செருப்பு எப்பிடி என்ற கால்ல வரும்?”ங்கறேன்.

“அதைத்தான நானுங் கேக்கறேன். என்ற மருமகன் வாங்கிக் குடுத்த புதுச் செருப்பு. நேத்து மண்டபத்துல காணமுன்னு சொல்லி வெறுங்கால்ல ஊடு வந்து சேந்தேன்.”

கீழ பாக்கறேன். தம்பி, உள்ளதச் சொல்றேன், செருப்பு அவருதுதான். அவருக்குச் சின்னக் காலு. எனக்குப் பெருங்காலு. குதிகாலு செருப்புக்கு வெளிய தொங்கிட்டு நிக்குது. வெரலெல்லாம் வாருக்குள்ள பிதுங்கிக் கெடக்குது. அதுக்குள்ள கூட்டங் கூடிப்போச்சு.

“குதிகாலு பாதி தரையில நடந்திருக்குது, அது கூடவா ஒரு மனுசனுக்குத் தெரியாது?”ங்கறாரு. எல்லாரும் சிரிக்கறாங்க. கூழு விக்கறவன் கரண்டியை வெச்சுப்போட்டு ஓடியாந்து சிரிக்கறான்.

“நல்ல செருப்புன்னா கால்ல இருக்கறதே தெரியக்கூடாது, நீ நல்ல செருப்பா வாங்கியிருக்கறே”ன்னு சொன்னேன். அது நெசந்தானுங்களே? அதுக்கும் சிரிச்சாங்க. அப்ப அர்த்தநாரி ஒரு வார்த்தை உட்டாரு பாருங்க. “நம்ம தலைவரு நடக்கறதே செருப்புப் பாக்கத்தான் போல”ன்னு.

தலைமொறை தலைமொறையா மானத்தோட பொழைச்ச குடும்பமுங்க எங்குளுது. அங்கயே அந்தச் செருப்பைக் கழட்டி அவரு முன்னால வெச்சேன். “பழனியாண்டவன் சன்னதியில நின்னு, நான் தெரிஞ்சு எடுக்கலைன்னு சத்தியம் பண்ணாம இந்தக் கால்ல இனிச் செருப்பு ஏறாது”ன்னு சொல்லிப்போட்டு வெறுங்கால்ல நடந்து ஊட்டுக்கு வந்தேன். தை மாசம் எப்பவும் பாதயாத்திரை போவமில்லீங்க, அப்பப் போய்ச் சத்தியம் பண்ணிப்போடலாமுன்னு முடிவு.

அன்னைக்கிருந்து வெறுங்காலுதான். தார் ரோடு, ஜல்லி, முள்ளுக்காடு, எங்கயும் வெறுங்காலு. ஒரு சொரணை இல்லை! எனக்கே பெருமையா இருந்துது. வைராக்கியம் இருந்தா வலி கிட்ட வராதுன்னு மயிலாத்தாகிட்டச் சொன்னேன். அவ என்ற காலையே பாத்துட்டிருந்தா.

மார்கழியில எடதுகாலு கொஞ்சம் வீங்குச்சுங்க. செவந்துபோச்சு. தொட்டாச் சூடு. வலி? மருந்துக்குக் கூட இல்லை. ஊட்டுல ஒரு பூனை இருக்குது. மார்கழிக் குளிருக்கு அது எங்கெங்கயோ சுத்தும், அடுப்படியில படுக்கும். அந்த மாசம் அது நேரா வந்து என்ற எடதுகாலு மேல படுத்துக்கிட்டுது. வலதுகாலு மேல படுக்காது, எடதுகாலுதான் வேணும். மயிலாத்தா சொன்னா, “மாமா, இந்தக் காலு மட்டும் அடுப்பாட்டம் காயுது, டாக்டருகிட்டக் காட்டிப்போட்டு வரலாம்”ன்னு. “நடந்த சூடு, அது. வாயில்லா ஜீவனுக்குக் கூட என்ற அருமை தெரியுது பாரு”ன்னு சொல்லிப்போட்டேன்.

இப்ப நீங்க சிரிக்கிறீங்க. சிரிங்க, பரவால்லை.

தை பொறந்துது. பச்சை வேட்டி கட்டி, மாலை போட்டு, எங்கூருக் கூட்டத்தோட கெளம்பினேன். அர்த்தநாரியும் வந்தாரு. வருசா வருசம் காவடி எடுக்கறவரு அவரு. ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. அவரு கூட்டத்துக்கு முன்னால, நான் பின்னால. இல்லீங்க, மொதல்லதான் அப்பிடி. காங்கேயந் தாண்டுனதும் அவனவனுக்குக் காலு கொப்புளிச்சுப்போச்சு. மர நெழலைக் கண்டா உக்காந்துக்கறான். “ஐயோ, அம்மா”ங்கறான். அர்த்தநாரியே நொண்ட ஆரம்பிச்சுட்டாரு. நான் மட்டும் ராசாவாட்டம் போறேன். போறவன் வரவனுக்கெல்லாம் தைரியஞ் சொல்லிட்டே போறேன். ‘வலிங்கறதெல்லாம் மனசுல இருக்கறதப்பா’ன்னு. ஒரு சின்னப் பொண்ணு தண்ணி குடுக்க வந்தது என்ற காலத் தொட்டுக் கும்புட்டுட்டுப் போச்சுங்க. பொய்யில்லை.

தாராபுரந் தாண்டி, ஒரு சோத்துப் பந்தல்ல சாப்புட்டுட்டு நடக்கறோம். பின்னால இருந்து அர்த்தநாரி கத்தறாரு. “சென்னியப்பா, நில்லு!”

பாருங்க, ரெண்டு மாசமாப் பேசாத மனுசன் இப்ப எதுக்குக் கூப்புடறாரு? நான் முந்திப் போறது பொறுக்கலை. நான் இன்னும் எட்டி வெச்சேன்.

“யோவ், நில்லுய்யா! காலத் தூக்கிப் பாரு!”

நான் ஓட்டமும் நடையுமாப் போறேன். அவரு காவடியை ஆருகிட்டயோ குடுத்துப்போட்டு, கொப்புளத்தோட நொண்டி நொண்டித் தொரத்திட்டு வாராரு. கூட்டமே வேடிக்கை பாக்குது. கடைசியில என்ற துண்டைப் புடிச்சு இழுத்துப்போட்டாரு.

“திரும்பிப் பாருய்யா நீ வந்த வழிய.”

பாத்தேன். தார் ரோட்டுல நெடுக ஒரு எட்டு உட்டு ஒரு எட்டு செவப்பா அச்சு. ஆரோ வெத்தலை துப்பிட்டுப் போயிருக்கறான்னு நெனைச்சேன், அது என்ற ரத்தம்.

அவரு என்னையக் கீழ உக்காத்தி எடதுகாலத் தூக்கிப் பாத்தாரு. சுண்டு வெரலுக்குக் கீழ ஒரு லாட ஆணி. மாட்டுக் குளம்புல அடிப்பாங்களே, அதுங்க. துருப்புடிச்சது. தலை வரைக்கும் உள்ள எறங்கிக் கெடக்குது. எங்க குத்துச்சு, எப்பக் குத்துச்சு, அந்த ஆண்டவனுக்குத்தான் தெரியும். அர்த்தநாரி அதைப் பாத்தாரு. என்ற மூஞ்சியப் பாத்தாரு. மறுக்கா ஆணியப் பாத்தாரு. அப்பிடியே கண்ணு சொருகி மல்லாக்க உழுந்துட்டாரு.

நானே தம்பி ஆணியோட எந்திரிச்சுப் போயி, என்ற தண்ணியை எடுத்து அவரு மூஞ்சியில தெளிச்சேன். கூட்டமெல்லாம் ஓடியாந்து அவருக்குத்தான் காத்து வீசறாங்க, சோடா வாங்கியாராங்க. என்னைய ஒருத்தனும் கண்டுக்கலை. நானும் சும்மா இருக்க முடியாம அந்த ஆணியைப் புடிச்சு உருவிப்போட்டேன். பீர்க்கங்காயில இருந்து குச்சியை உருவற மாதிரி வந்துட்டுது.

அவரு கண்ணு முழிச்சதும் மொதல்ல கேட்டது, “வலிக்கலையா?”

“எதுக்கு வலிக்கோணும்?”

எந்திரிச்சு உக்காந்தாரு அவரு. அப்பறம் ரகசியங் கேக்கற மாதிரி, “அப்ப, அந்தச் செருப்பு... நெசமாவே உனக்குத் தெரியாதாய்யா?”ங்கறாரு.

எனக்கு எரிஞ்சுது பாருங்க. “ஆணி வேற, செருப்பு வேற. செருப்புக்குச் சாமிகிட்டச் சத்தியம் பண்ணத்தான் போயிட்டிருக்கறேன், வழிய உடு”ன்னேன்.

உடலீங்க அந்த மனுசன்! எதுத்தாப்புல தேங்காய் ஏத்திட்டு ஒரு டெம்போ வந்துது. கையக் காட்டி நிறுத்தி, நாலு பேரை வெச்சு என்னைய அலேக்காத் தூக்கித் தேங்காய் மேல போட்டுப்போட்டாரு. வண்டி பழனிப் பக்கம் போகுதா? போகலை. வந்த வழியில திரும்பிப் போகுது. பழனி மலை தெரியற தூரத்துக்கு வரப்போற நேரத்துல! நான் தேங்காய் மேல மல்லாந்து கெடந்து, “சத்தியம் பண்ண உடாமக் கடத்திட்டுப் போறாங்க”ன்னு கத்தறேன். அவரு என்ற காலைத் தூக்கித் தன்ற மடியில வெச்சு, துண்டுல அமுத்திப் புடிச்சுட்டு, மூஞ்சியை அக்கட்டாலத் திருப்பிட்டு வாராரு. ரத்தம் பாத்தா ஆகாதாம்.

தாராபுரத்துல கட்டுப் போட்டு, கோயமுத்தூருக்குக் கொண்டு போகச் சொல்லிட்டாங்க. அங்க ஒரு டாக்டரம்மா. சின்ன வயசு. மயிலாத்தாளும் அதுக்குள்ள வந்துட்டா. டாக்டரம்மா கையில ஒரு நூலு, தூண்டில்ல கட்டுவாங்களே அந்த மாதிரி நைலான் நூலு.

“கண்ணை மூடிக்குங்க ஐயா. இதுல உங்க பாதத்தைத் தொடுவேன். தொடறது தெரிஞ்சா ‘ஆமா’ன்னு சொல்லுங்க.”

பரீட்சைன்னா நமக்கு உட்டுக்குடுக்க முடியுங்களா? அதுவும் அர்த்தநாரி பக்கத்துல நிக்கறாரு. கண்ணை மூடிட்டு ஒரு குத்துமதிப்பா உட்டு உட்டுச் சொன்னேன். “ஆமா.” கொஞ்சம் பொறுத்து, “ஆமா.” அப்பறம் தொடந்தாப்புல, “ஆமா, ஆமா.” கண்ணைத் தொறந்து பாத்தா டாக்டரம்மா அறைக்கு அந்தக் கடைசியில நின்னு கை கழுவிட்டு இருக்குது.

“நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லீங்களே ஐயா”ங்குது.

அர்த்தநாரி சிரிக்கலை. அதுதாங்க எனக்கு அதிசயமா இருந்துது.

அப்பறம் படம் எடுத்தாங்க. வெளிச்சத்துல தூக்கிக் காட்டுனாங்க. ஆணி குத்துன எடத்தைக் காட்டுவாங்கன்னு பாத்தா, நடுப்பாதத்தைக் காட்டறாங்க. எலும்பெல்லாம் ரவை உப்புமாவாட்டம் கொழைஞ்சு கெடக்குது.

“எப்பக் கீழ உழுந்தீங்க?”

“நான் எதுக்குங்க உழுகறேன்?”

“இந்தக் காலு எவ்வளவு நாளா வீங்கிச் சூடா இருக்குது?”

நான் யோசிக்கறதுக்குள்ள மயிலாத்தா சொல்லிப்போட்டா, “பூனை வந்து படுக்க ஆரம்பிச்சதுல இருந்துங்க.”

டாக்டரம்மா என்ன சொன்னாங்கன்னா, சக்கரையில என்ற காலு நரம்பு செத்துப்போச்சாம். அதனால எலும்பு விண்டது எனக்குத் தெரியலையாம். வலிச்சிருந்தா உக்காந்திருப்பேனாம். வலிக்காததால அந்த ஒடைஞ்ச காலு மேலயே நடந்து, நடந்து, இன்னும் நொறுக்கி, எலும்புப் பூட்டெல்லாங் கழண்டு, வளைவா இருக்க வேண்டிய பாதம் கீழ எறங்கிருச்சாம். “நீங்க இவ்வளவு தூரம் நடந்ததுதான் பிரச்சனையே”ங்கறாங்க. கேட்டீங்களா? ஊரு உலகத்துல எல்லா டாக்டரும் நட, நடன்னு அடிச்சுக்கறான். நடைப்பயிற்சி சங்கத் தலைவரைப் பாத்து இந்தம்மா நடந்தது தப்புங்குது.

ஆணிப்புண்ணுல சீழ் புடிச்சிருந்துது. உள்ள எந்த அளவுக்கு ஏறியிருக்குதுன்னு தொறந்து பாத்தாத்தான் தெரியும், எலும்புக்குள்ள போயிருந்தாக் காலை எடுக்க வேண்டி வரலாமுன்னு சொன்னாங்க. எங்க வரைக்கும்னு நான் கேட்டேன். முட்டிக்குக் கீழன்னு கையால காட்டுனாங்க.

அப்ப மயிலாத்தா என்ன பண்ணுனான்னா, கட்டில் கால்மாட்டுல உக்காந்து என்ற காலைக் கட்டிப் புடிச்சுட்டா. நான் புடிச்சதைப் பாத்தேன். தெரியலை. அவ அழுகறா. தண்ணி என்ற காலு மேல உழுகுது, அதுவுந் தெரியலை. “எதுக்கு அழுகறே, எனக்குத்தான் வலிக்கவே இல்லியே”ன்னு சமாதானம் பண்ணுனேன். அதைக் கேட்டதும் இன்னுஞ் சாஸ்தியா அழுதா. பொம்பளைகளுக்கு எதைச் சொன்னா அடங்குமுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் பிடிபடலீங்க.

காலு தப்பிச்சுது. சுண்டு வெரலை மட்டும் எடுத்துப்போட்டாங்க. போகட்டுங்க. அது இருந்தப்பவும் எனக்குத் தெரியாது, போனப்பவுந் தெரியலை. இன்னும் ஒரு நாளு நடந்திருந்தாக் காலு போயிருக்கும்னு டாக்டரம்மா அர்த்தநாரிகிட்டச் சொன்னாங்க. என்றகிட்டச் சொல்லலை, அவருகிட்டச் சொல்றாங்க. அவருக்கு இருந்த மிதப்பப் பாக்கோணுமே! ஆஸ்பத்திரி கேண்டீன்ல எல்லாருக்கும் காப்பி வாங்கிக் குடுத்தாரு. எனக்குச் சக்கரை இல்லாம.

புண்ணு ஆறுனதும் முட்டி வரைக்கும் மாவுக்கட்டு. கால ஊனக்கூடாது. பூனை ஒரு நா வந்து மோந்து பாத்துட்டுப் போயிட்டுது. ஊட்டுல கட்டிலு, கக்கூஸு, கட்டிலு. நடந்தே வாழ்ந்தவன் நான். சன்னல் வழியாப் பாத்தா அவனவன் பூங்காவுக்குப் போறான். வயிறெரியுது.

ஒரு நா மயிலாத்தா கடைக்குப் போயிருந்தா. தொட்டி நெறைஞ்சு தண்ணி ஊத்துது. மோட்டாரை நிறுத்த ஆளில்லை. எந்திரிச்சு நாலெட்டு வெச்சுப் போயி நிறுத்திப்போட்டு வந்து படுத்துக்கிட்டேன். வலிக்குதா என்ன? அடுத்த தடவை போனப்ப டாக்டரம்மா கட்டைப் பாத்து, “நடந்தீங்களா?”ன்னு கேட்டாங்க. இல்லைன்னேன். அர்த்தநாரி கூட வந்திருந்தாரு. “அடியில பாருங்க டாக்டரு, கட்டு விண்டு போயிருக்குது, ஈரமண்ணு ஒட்டியிருக்குது”ன்னு காட்டிக் குடுத்துப்போட்டாரு. மறுக்கா மொதல்ல இருந்து கட்டு. எப்பிடி இருக்கும் எனக்கு?

அவரு ஏன் கூட வந்தாருன்னு கேக்கறீங்களா? அதைத்தாஞ் சொல்ல வாரேன். தெனமும் வாராருங்க அந்த ஆளு. பூங்காவுல நடந்துபோட்டு நேரா எங்க ஊடுதான். பேப்பரைக் கொண்டாந்து எங்க வாசல்ல உக்காந்து சத்தமாப் படிக்கறது. தனக்குப் படிச்சுக்கறாராம். கண்ணு தெரியறவன் எதுக்குங்க எனக்குக் கேக்கற மாதிரி படிக்கோணும்? நான் நேரா அவருகிட்டப் பேசறதில்லை. “மயிலாத்தா, அந்த ஆளைக் காப்பி குடிச்சுப்போட்டுப் போகச் சொல்லு”ம்பேன். அவரு, “தங்கச்சி, அந்தாளு இன்னைக்கு மாத்திரை போட்டானான்னு கேளு”ம்பாரு. அவ நடுவுல நின்னுக்கிட்டு ரெண்டு பக்கமும் சொல்லுவா. கொஞ்ச நாள்ல அவளும் சலிச்சுப்போயி, “உங்க ரெண்டு பேரு காதுலயும் உழுந்துதுல்ல”ன்னு அடுப்படிக்குப் போயிட்டா.

வேவு பாக்க வாராருன்னுதாங்க நான் நெனைக்கறேன். நான் எப்ப எந்திரிச்சு நடப்பேன், எப்ப டாக்டருகிட்டப் போட்டுக் குடுக்கலாம்னு.

இதுல பெரிய கூத்து என்னன்னா, சங்கக் கூட்டத்துல எந்திரிச்சு, “சென்னியப்பனைச் செருப்புத் திருடன்னு நான் பேசுனது என்ற தப்பு, அவனுக்குக் கால்ல உணர்ச்சியே இல்லை”ன்னு எல்லாருக்கு முன்னாலயுஞ் சொல்லிப்போட்டாரு. தப்பை ஒத்துக்கறவன் அதோட நிறுத்தோணுமில்லீங்களா? கால்ல உணர்ச்சி இல்லைன்னு ஊருக்கே எதுக்குச் சொல்லோணும்? தலைவனோட மரியாதை என்னாகறது? அதோட உட்டாரா, அந்த டாக்டரம்மாவையே பூங்காவுக்குக் கூட்டியாந்து, சக்கரை இருக்கறவனையெல்லாம் வரிசையா உக்கார வெச்சு, அதே நைலான் நூலுல தொட்டுப் பாக்க வெச்சிருக்காரு. போண்டா போடறவனுக்கே உள்ளங்கால்ல பாதி தெரியலையாம். இப்பப் பூங்காவுல எல்லாரும் நடக்கறதுக்கு முன்னால உக்காந்து காலைத் தூக்கித் தூக்கிப் பாத்துக்கறானுகளாம். செருப்பைக் கவுத்துத் தட்டித் தட்டிப் போடறானுகளாம். பயந்தாங்கொள்ளிக. நான் இருந்திருந்தா உட்டிருப்பனா?

இப்ப மாவுக்கட்டுப் பிரிச்சாச்சு. பாதம் தொட்டில் அடிப்பக்கமாட்டம் உருண்டு போச்சு. அதுக்குன்னு அளவெடுத்துச் செஞ்ச பூட்ஸ் இது. செருப்பு ஏறாதுன்னுதான சொன்னேன், பூட்ஸ் வேற. இதைப் போட்டுட்டுக் கொஞ்சமா நடக்கலாம், நின்னு நின்னு. வெறுங்கால்ல இந்த ஜென்மத்துல தரையை மிதிக்கக்கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. பழனிக்குப் போகோணும்னேன். பஸ்ஸுல போயி, இழுவை ரயில்ல மேல ஏறிக்கங்கன்னாங்க.

ஆமாங்க, சத்தியம் பண்ணத்தான். அந்த ஆளு நம்பிட்டாரு, சங்கம் நம்பிட்டுது, எல்லாஞ் சரி. அவிய நம்பறது வேற. நான் சத்தியம் பண்றது வேற. எதிராளி இல்லாமச் சத்தியம் பண்ணுனா செல்லுங்களா? அதனால அவரையும் வரச் சொல்லி மயிலாத்தாகிட்டச் சொல்லி உட்டேன். அதா, மூணாவது சீட்டுல காதுல மப்ளர் கட்டிட்டு ஒருத்தரு பின்னால பின்னால திரும்பிப் பாக்கறாரே, அவரேதான். பஸ்ஸு ஏறுனதுல இருந்து பாக்கறாரு. காலை நீட்டி வெச்சிருக்கறனா, தொங்கப் போட்டிருக்கறனான்னு. அவரைப் பாத்துச் சிரிக்காதீங்க தம்பி, நான் என்னமோ நல்லதாச் சொன்னேன்னு நெனைச்சுக்குவாரு.

அதை உட மயிலாத்தா சங்கதியக் கேளுங்க. காத்தால கெளம்பறப்ப மஞ்சத்துணியில காசு முடிஞ்சுட்டு இருந்தா. எதுக்குடின்னு கேட்டேன். வேண்டுதலாம். ஆஸ்பத்திரியிலயே வேண்டிக்கிட்டாளாம். என்னன்னு கேட்டாச் சொல்லமாட்டேங்கறா. நெருக்கிக் கேட்டேன். என்ன சொல்றா தெரியுங்களா? “முருகா, சாகறதுக்குள்ள ஒருக்காவாவது இந்த மனுசன் ‘ஐயோ, காலு வலிக்குதே’ன்னு கத்தோணும், நான் அதைக் காதாரக் கேக்கோணும்”னு வேண்டியிருக்கறாளாமா!

கட்டுன பொண்டாட்டி வேண்டற வேண்டுதலாங்க இது? ஊருல அவளவ புருசனுக்கு வலி போகோணும்னு வேண்டறா. இவ வரோணும்னு வேண்டறா. இத்தனை வருசம் சோறு போட்ட கையி, மனசுல இவ்வளவு வஞ்சம் வெச்சிருக்குது பாருங்க. முடிச்சு அவுந்துடப்போகுது, இறுக்கிக் கட்டுன்னு மட்டுஞ் சொன்னேன்.

வந்துட்டுதுங்களா பழனி? அதா, மலை தெரியுது. சாமி, முருகா.

இல்லீங்க, நீங்க கை குடுக்க வேண்டாம், முன்னாடி எறங்குங்க. கூட்டம் போகட்டும். அந்த ஆளு வருவாரு. பாருங்க, எந்திரிச்சுட்டாரு. மயிலாத்தாளை எழுப்பறாரு. பையை எடுத்துத் தோள்ல மாட்டறாரு. பை மாட்டுன தோளை உட்டுட்டு மறு தோளைக் காலியா வெச்சுட்டு வாராரு பாருங்க, அது எனக்குங்க. நான் புடிச்சு எறங்கறதுக்கு. சரியா என்ற ஒசரத்துக்கு இருக்குது அந்தத் தோளு.

பேச்சு வார்த்தையெல்லாம் கெடையாதுங்க. தோளு மட்டுந்தான்.